தூண்டில் போன தூரம்

புதுக்கோட்டைக் கரையின் கோட்டைப்பட்டினத்தில் தூண்டிலை யாரும் விளையாட்டென்று சொல்வதில்லை. மீன் மாட்டினால் காசு. மாட்டாவிட்டால் இரையும் நட்டம்.

ஆனால் இந்தக் கரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே கலெக்டராக இருந்த எச்.எஸ். தாமஸுக்குத் தூண்டில் ஒரு பித்து. இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இலேயே புத்தகம் எழுதியவர் அவர். மகசீர் என்ற ஆற்று மீனோடு மல்லுக்கட்டும் சுகம்தான் அதில் பெரிது. 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொரு புத்தகம். கடல் அவர் கணக்கில் பெரிதாக வரவில்லை.

கடலில் அந்தப் பித்தை வளர்த்ததில் சூரை மீனுக்குப் பெரிய பங்கு. 1898 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவின் காட்டலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் என்பவர் கம்பும் ரீலும் கொண்டு 183 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ சூரையைக் கரைசேர்த்தார். அதுவரை அங்கே கைக்கயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு சூரைக்கென்றே ஒரு சங்கம் வந்தது. கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும், மீனுக்கும் தப்பிக்க வழி வேண்டும் என்றது சங்கம். கௌபாய் நாவல்கள் எழுதிய ஜேன் கிரே 1926இல் இந்த மோகத்தோடு நியூசிலாந்து போய்ச் சேர்ந்தார்.

1939இல் நியூயார்க்கில் இந்தத் தூண்டில் விளையாட்டுக்கென்று உலக அமைப்பே உருவானது. மீன் மாட்டியபின் வேறொருவர் கம்பைத் தொட்டால் அந்தச் சாதனை செல்லாது! பெரிய மீன் மாட்டினால் படகே சேர்ந்து இழுக்கும் நம் ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த அமைப்பின் துணைத் தலைவராக இருந்த ஹெமிங்வே எழுதிய ‘கடலும் கிழவனும்’ கதையில் கிழவன் பிடிப்பது கைக்கயிற்றில். அமைப்பின் விதிப்படி அவன் மீன் கணக்கிலேயே வராது.

சூரையும் தூண்டிலும் சேர்ந்து புதுக்கோட்டைக் கரைக்கு வந்தது 2017இல், அரசுத் திட்டமாக. பாக் நீரிணைக் கடல் ஆழமில்லாதது. இழுவை மடி வலை தரையையே வழித்தெடுத்துவிடுகிறது, இலங்கையோடு எல்லைத் தகராறு வேறு. மடியை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கச் சொன்னார்கள். ஒரே கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் கொண்ட படகு, அப்போது விலை 80 லட்சம், 70 சதவீதம் மானியம். பாக் நீரிணை மாவட்டங்களுக்கு மொத்தம் 2000 படகு என்பது இலக்கு. இறங்கியவை சொற்பம். ஆழ்கடல் பழக்கமில்லை, டீசலுக்குக் கட்டுப்படியாகாது, கடன் வேறு என்று பலர் இன்னும் மடியைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.