குரல் விலேன்: ஒரே போர்ட்டில் பேச்சும் தரவும்

ஐ.பி. தொலைபேசியும் கணினியும் ஒரே கேபிள் வழியாகச் சுவிட்சின் ஒரே போர்ட்டில் சேரும்போது, இரண்டின் போக்குவரத்தையும் வெவ்வேறு விலேன்களில் (மெய்நிகர் லேன்களில்) பிரித்துவைக்கும் அமைவே குரல் விலேன். தொலைபேசிக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் இதற்கு வழிசெய்கிறது. கணினியின் ஃபிரேம்கள் டேக் இல்லாமல் செல்லும். தொலைபேசி தன் ஃபிரேம்களில் 802.1க்யூ தரப்படி 4 பைட் டேக்கைச் சேர்க்கும். அந்த டேக்கில் 12 பிட்கள் விலேன் எண்ணுக்கு, 3 பிட்கள் முன்னுரிமைக்கு. அமைப்பவர்களின் கவனமெல்லாம் பெரும்பாலும் அந்த 12 பிட்கள் மேல்தான். பேச்சைக் காப்பாற்றுவதோ மற்ற மூன்றும்தான்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் 'சுவிட்ச்போர்ட் அக்சஸ் விலேன் 10', 'சுவிட்ச்போர்ட் வாய்ஸ் விலேன் 110' என்ற இரண்டு வரிகளில் பிரிவினை முடிந்துவிடும். 110 என்ற எண்ணைத் தொலைபேசி சி.டி.பி. அல்லது எல்.எல்.டி.பி.-மெட் அறிவிப்பிலிருந்து தெரிந்துகொண்டு, அதன்பிறகு டேக் இட்டு டி.எச்.சி.பி. முகவரி கேட்கிறது. அறிவிப்பு எட்டாவிட்டால் விலேன் 10-இன் முகவரியையே வாங்கிக்கொள்ளும். பல இடங்களில் அழைப்பும் இணைந்துவிடும், அதனால் பிழை யார் கண்ணிலும் படாது. தொலைபேசி எந்த விலேனின் முகவரியில் இருக்கிறது என்று பார்க்கும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

ஜிகாபிட் வேகம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜி.711 முறையில் ஓர் அழைப்பு, நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக, ஐ.பி. தலைப்புகளையும் சேர்த்து ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 80 கிலோபிட்தான் எடுக்கிறது. ஆகவே அலைவரிசை பிரச்சினையே அல்ல, நேரம்தான் பிரச்சினை. பல போர்ட்டுகளின் கோப்புகள் ஒரே அப்லிங்க்கில் குவியும் கணத்தில் பஃபர் நிரம்பிவிடும். தொலைந்த கோப்புத் துண்டு மறுபடி வரும். தாமதித்து வந்த குரல் பாக்கெட்டால் பயனில்லை. விலேன் 110-உம் அதே அப்லிங்க்கில், அதே வரிசையில்தான் நிற்கிறது. முன்னுரிமை 5 என்ற குறியும், அதற்கென ஒதுக்கிய தனி வரிசையும் இருந்தால்தான் அது முந்திச் செல்லும்.

அப்படியானால் விலேனைப் பிரிக்காமல் முன்னுரிமையை மட்டும் கொடுத்தால் போதாதா? டேக்கில் விலேன் எண்ணைச் சுழியமாக வைத்து அனுப்பும் வசதியும் உண்டு. குரல் அதிலும் முந்தும். ஆனால் தொலைபேசிகளுக்கென முகவரித் தொகுதியும் அணுகல் விதிகளும் வகுக்கத் தனி விலேன்தான் வசதி. அது பூட்டு என்று நினைப்பதுதான் தவறு. தொலைபேசிபோல் நடித்து 110-க்குள் நுழைய மென்பொருள்கள் உள்ளன. அதனால் 802.1எக்ஸ் சரிபார்ப்பைத் தொலைபேசிக்கும் கணினிக்கும் தனித்தனியே வைக்க வேண்டும். முன்னுரிமைக் குறியையும் தொலைபேசி இருப்பது உறுதியான போர்ட்டில் மட்டுமே நம்ப வேண்டும்; கணினியாலும் தன் பாக்கெட்டுகளில் உயர்ந்த குறியை எழுதிக்கொள்ள முடியும்.

கணினியிலேயே ஓடும் அழைப்புச் செயலிகள் இன்னொரு சிக்கல். அவற்றின் குரல், கணினியின் விலேன் 10-இல்தான் போகிறது; 110 எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. அங்கே சுவிட்ச் அந்தப் பாக்கெட்டுகளைத் தானே அடையாளம் கண்டு, ஐ.பி. தலைப்பில் டி.எஸ்.சி.பி. 46 என்று முன்னுரிமைக் குறியிட வேண்டியிருக்கிறது.