சுங் சியாவ்ரெனும் சீனத்தின் முதற் பாராளுமன்றமும்

1911ஆம் ஆண்டுச் சீனப் புரட்சியை நினைக்குந்தோறும் சன் யாட் சென்னின் பெயரே முன்னிற்கின்றது. ஆயின், மஞ்சு மன்னராட்சி வீழ்ந்தபின் ஆள்வோரைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு என்ற வினாவை அவரினும் ஆழமாக ஆராய்ந்தவர் சுங் சியாவ்ரென் என்பது எமது கருத்தாகும்.

1882இல் ஹூனான் மாகாணத்திற் பிறந்த சுங், 1904இல் ஹுவாங் சிங்குடன் திட்டமிட்ட கிளர்ச்சி வெளிப்பட்டுவிடவே யப்பானுக்குத் தப்பிச் சென்றார். அங்கு சட்டமும் அரசியலும் பயின்று, பிறநாட்டு ஆட்சிமுறைகள் பற்றிய நூல்களை மொழிபெயர்த்தார். குடியரசு தோன்றியபோது சன் வலிமைமிக்க சனாதிபதியை விரும்பினார். சுங்கோ பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூறும் அமைச்சரவையை வேண்டி நின்றார். இராணுவத் தலைவரான யுவான் ஷிகாய் சனாதிபதியாகும் நிலை தோன்றிய பின்னரே, 1912 மார்ச்சில் வெளியான தற்காலிக யாப்பு சுங்கின் வழிக்கு வந்தது.

1912 ஆகஸ்டில் புரட்சி இயக்கத்தையும் சில சிறு கட்சிகளையும் ஒன்றிணைத்துக் குவோமின்டாங் கட்சியை அவர் உருவாக்கினார். அவ்விணக்கத்துக்கு விலையாக ஆண் பெண் சமத்துவம் என்ற கொள்கை கைவிடப்பட்டது. வெகுண்டெழுந்த தாங் சுன்யிங் என்ற பெண் புரட்சியாளர் கூட்டத்திலேயே சுங்கின் கன்னத்தில் அறைந்தார். சுங்கின் புகழ் பாடுவோர் இதனைச் சிறு நிகழ்ச்சியாகக் கருதிக் கடந்து செல்லலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தொடர்ந்து நடைபெற்ற தேர்தலில் ஏறத்தாழ 4 கோடி ஆடவர் வாக்குரிமை பெற்றிருந்தனர். பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை. கீழ்ச்சபையின் 596 இடங்களுள் 269ஐக் குவோமின்டாங் வென்றது.

சுங் சட்டத்தை மட்டும் நம்பிய பேதை எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. யாங்சி ஆற்றங்கரை நகரங்களில் அரசை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசிய அவர், பெரும்பான்மை பலத்தாற் சனாதிபதியைக் கட்டுப்படுத்தவே முனைந்தார். அவரிடம் கட்சி இருந்தது. படை யுவானிடம் இருந்தது.

1913 மார்ச் 20ஆம் நாள், பெய்ஜிங் செல்வதற்காகச் ஷங்ஹாய் புகைவண்டி நிலையம் வந்த சுங் சுடப்பட்டார். பிரதமராக வருவார் என எதிர்பார்க்கப்பட்ட அவருக்கு அப்போது வயது 30. மருத்துவமனையிலிருந்து, உறுதியான யாப்பொன்றை உருவாக்குமாறு யுவானுக்கே தந்தி அனுப்பிவிட்டு 22ஆம் நாள் உயிர்நீத்தார். கைப்பற்றப்பட்ட கடிதங்கள் பிரதமர் சாவோ பிங்ஜுனின் செயலாளர் ஹொங் ஷூசுவைச் சுட்டின. யுவான் நேரடியாகக் கட்டளையிட்டாரா என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

சுட்டவன் சிறையில் இறந்தான். அவனை ஏவியவன் புகைவண்டியிற் கொல்லப்பட்டான். சாவோ 1914இல் திடீரென மாண்டார். அவ்வாண்டு ஜனவரியிலேயே யுவான் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டிருந்தார். ஹொங் ஷூசு தூக்கிலிடப்பட்டது 1919இல். அப்போது யுவான் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.