முசு

முசு என்ற சொல்லை இன்று அகராதிகளில்தான் பார்க்கிறோம். சிவகாசிக்கு மேற்கே, திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் அச்சொல் குறிக்கும் விலங்கினம் இருக்கிறது. பெயர்தான் ‘நீலகிரி லங்கூர்’ ஆகிவிட்டது. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. கன்னடத்திலும் ‘முசுவ’ உண்டு. ஆகவே புலவர் புனைந்த சொல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரிப்பும் பொருளுள்ளது. நாட்டுக்குரங்குக்குத் தீனியை அடக்கிவைக்கக் கன்னப்பை உண்டு. முசுவுக்கு அது இல்லை. இலையைச் செரிக்கும் பல அறை வயிறு இருக்கிறது. இன்றைய விலங்கியலும் இவற்றை இரு துணைக்குடும்பங்களாகவே வைக்கிறது.

மூன்றின் பெண்ணுக்கும் ‘மந்தி’ என்ற ஒரே பெயர்தானே, வேறுபாடு எங்கே என்று கேட்கலாம். அப்பொதுப்பெயர் உறவைச் சொல்கிறது. குரங்கும் முசுவும் ஒரே குடும்பத்தின் கிளைகள். குழப்பம் நம் காலத்தது. மலாய் மொழியில் ‘காட்டு மனிதன்’ எனப் பொருள்படும் ஒராங்குட்டானை ‘வாலில்லாக் குரங்கு’ என்கிறோம். அதன் மூதாதையர் இக்குடும்பத்தை விட்டுப் பிரிந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளாவது ஆகின்றன. முசுவைவிட மனிதனே அதற்கு நெருங்கிய உறவு. பாடநூல் எழுதுவோர் லங்கூருக்கு முசு என்ற பெயரை மீட்டுத் தரவேண்டும்.