சேரி அடுப்பும் சத்துணவு வகுப்பும்

பூந்தமல்லியை ஒட்டி இருக்கிறது பாரிவாக்கம். இந்தப் பக்கமெல்லாம் பழைய செங்கற்பட்டு மாவட்டம். அதன் கலெக்டராக இருந்த திரமென்கீர், இங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மிராசுதாரரிடம் கட்டுண்டு, மண்ணில் உரிமையில்லாமல் கிடந்த மக்களின் கதை அது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. வந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் செத்தார்கள்.

குறைஞ்ச செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தர வருகிறவர்கள் இந்தக் கதையிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும். தொடங்குவதில்லை.

வகுப்புகள் என்னவோ வந்தன. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துமாவு உருண்டை. தாய்மாருக்குச் சமையல் செய்து காட்டல். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கடும் சத்துக்குறைவு குறைந்தது, பல பிள்ளைகள் பிழைத்தன. உள்ளூர்ப் பெண்களே ஊழியர்களாக இருந்தது அதற்கு ஒரு காரணம்.

கோளாறு பாடத்தில் இருந்தது. அட்டையில் கீரை, பருப்பு, பால், முட்டை, பழம் எல்லாம் இருக்கும். மாட்டுக்கறி இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரத்தம் பத்தலையா, முருங்கைக்கீரை சாப்பிடு என்பார்கள். சரிதான். ஆனால் கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஏழைக்கு எட்டுகிற விலையில் கிடைத்த கறியும் அதுதான். கருவாடு, நத்தை, வயல் நண்டு, வரப்புக்கீரை, கேழ்வரகுக் கூழ் என்று கூலிக்காரப் பொம்பளை நடத்திவந்த அடுப்பைப் பார்த்து, 'உனக்குச் சமைக்கத் தெரியாது' என்றால் என்ன நியாயம்? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து; பாலில் அதில் பாதிகூட இல்லை. கூழ் குடிக்கிறவன் என்று ஏசிய வாயெல்லாம் 2023இல் சிறுதானிய ஆண்டு கொண்டாடியது.

செத்த மாட்டைத் தின்னாதே என்று 1927இல் மகாடில் அம்பேத்கர் சொன்னாரே என்று சிலர் மடக்குவார்கள். அவர் சொன்னது ஊருக்குச் செத்த மாடு தூக்கும் அடிமைத்தனத்தை விடச் சொல்லி. கறியில் சத்தில்லை என்று அவர் சொல்லவில்லை.

சமைக்கிற கை யாருடையது என்பதில்தான் எல்லாம் வெளுத்துப்போகிறது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார். 36 வருசம் கழித்து, 2018 ஜூலையில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஓர் அருந்ததியப் பெண் சமையலராக வந்தார். அவர் சமைத்ததை எங்க பிள்ளைங்க தின்னாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் அந்தம்மாவைத்தான் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே ஆணை ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது.

2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. கனிமொழி எம்.பி. நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.