வலிக்கிறதா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியை ஏனோ நம் பாட்டிமார் அந்தப் பழமொழியில் சேர்க்கவில்லை. பல்வலிக்காரன் பழமொழி சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டான் என்பது காரணமாக இருக்கலாம்.

இந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியரின் ஞாபகம் வருகிறது. 1844 டிசம்பரில், ஹார்ட்ஃபோர்டு என்னும் ஊரில் நடந்த ஒரு வேடிக்கைக் காட்சிக்கு அவர் போயிருந்தார். அங்கே சிரிப்பு வாயுவை முகர்ந்த ஒருவன் காலில் அடிபட்டு ரத்தம் வழிந்தும் அதை உணரவேயில்லை. வெல்ஸ் மறுநாளே அந்த வாயுவை முகர்ந்துவிட்டு, தம் பல் ஒன்றையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டன் நகரில், மாணவர்கள் நிறைந்த சபையில் ஒருவனுக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். பாதியில் அவன் கத்திவிட்டான். "மோசடி!" என்று எழுந்த கூச்சலில் வெல்ஸின் மானம் போயிற்று. தனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று அந்த மனிதன் பிற்பாடு சொன்னானாம். அதைக் கேட்கத்தான் சபையில் யாரும் இல்லை! குளோரோபாரத்தைத் தம் மேலேயே பரீட்சித்துப் புத்தி தடுமாறிய வெல்ஸ், 1848-இல் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 33.

ஒரு பல்லுக்காக முழு மனிதனையும் மயக்கத்தில் ஆழ்த்துவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்ய வழி உண்டா? வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு கண் வைத்தியர். வியன்னா ஆஸ்பத்திரியில் இருந்த கார்ல் கொல்லர் என்ற இளைஞர், கொக்கேயின் நாக்கில் பட்டால் நாக்கு மரத்துப் போவதைக் கவனித்தார். அதே ஆஸ்பத்திரியில் கொக்கேயினை ஆராய்ந்துகொண்டிருந்த சிக்மண்ட் ஃப்ராய்டு, அப்போது தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். (காதல் ஒரு மனிதருக்கு எத்தனை பெரிய புகழை நஷ்டமாக்கிவிட்டது என்று கதைக்காரனாகிய எனக்குத் தோன்றாமல் இல்லை.) கொல்லர் முதலில் தவளையின் கண்ணிலும் பிறகு தம் கண்ணிலும் மருந்தை விட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி குண்டூசியின் தலையால் விழியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் மாநாட்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அங்கே போக ரயில் செலவுக்குக்கூட அவரிடம் பணம் இல்லை. கட்டுரையை வேறொருவர்தான் வாசித்தார்.

சில மாதங்களுக்குள் செய்தி நியூயார்க்கை எட்டியது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், ரிச்சர்டு ஹால் என்ற சகாவுடன் சேர்ந்து, கொக்கேயினை நரம்பின் அருகிலேயே ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். கீழ்த்தாடைக்குள் நுழையும் நரம்பின் பக்கத்தில் மருந்து விழுந்தால், அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் அனைத்தும் மரத்துப் போயின. இன்று நமக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குகிறவர் வாய்க்கோடியில் போடும் ஊசி, அன்று அவர்கள் போட்ட ஊசியின் வாரிசுதான். அவர்கள் யார் மேல் பரிசோதித்தார்கள் தெரியுமா? தங்கள் மேலும், சகாக்கள் மேலும், மாணவர்கள் மேலும்! இருவரும் கொக்கேயினுக்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் பிறகு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜனாகி உலகப் புகழ் பெற்றார். ஆனால் 1922-இல் இறக்கும்வரை மார்ஃபின் பழக்கம் அவரை விடவில்லை. நாம் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருப்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

பிறகு வந்தவர்கள் கொக்கேயினின் குணத்தை வைத்துக்கொண்டு விஷத்தை மட்டும் நீக்கப் பார்த்தார்கள். 1904-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஐன்ஹார்ன் காப்புரிமை பெற்ற நோவோகெயின் பல் வைத்தியர்களைக் கவர்ந்தது. பழக்கத்தில் தள்ளாது, ஆனால் சீக்கிரம் கலைந்துவிடும், சிலருக்கு ஒவ்வாமல் போகும். அட்ரினலின் சேர்த்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து கொஞ்ச நேரம் தங்கும். அந்தக் கலவையே சுமார் நாற்பது வருஷம் அரசாண்டது.

அதைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியது ஸ்வீடன். 1943-இல் நீல்ஸ் லோஃப்கிரேன், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இருவர் ஸ்டாக்ஹோமில் ஒரு புதுப் பொருளைச் செய்தார்கள். லுண்ட்க்விஸ்ட் வைத்தியரல்ல, ரசாயன மாணவர். ஆனாலும் வைத்தியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தம் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். 1948-இல் சைலோகெயின் என்ற பெயரில் கடைக்கு வந்த லிக்னோகெயின் இதுதான். ஒரு சில நிமிஷங்களில் வேலை செய்யும். அட்ரினலினுடன் சேர்ந்தால் பல்லுக்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். உதடு மட்டும் இன்னும் சில மணி நேரம் நம்முடையதல்லாதது போல் தொங்கும்.

இப்போது அதற்கும் ஒரு போட்டியாளர் உண்டு. 1976-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஆர்ட்டிகெயின், எலும்பினூடே நன்றாகப் பரவும் என்பது அதன் கட்சிக்காரர்களின் வாதம். மேல்பல் பிடுங்கக் கன்னப் பக்கம் ஒரு ஊசி, அண்ணத்தில் ஒரு ஊசி என்பது வழக்கம். அண்ணத்துத் தோல் எலும்போடு ஒட்டியிருப்பதால் அந்த இரண்டாவது ஊசிதான் உயிரை வாங்கும். ஆர்ட்டிகெயினைக் கன்னப் பக்கம் மட்டும் போட்டாலே பல சமயங்களில் போதும் என்று சில பரிசோதனைகள் கண்டிருக்கின்றன. கீழ்த்தாடையில் நரம்பருகே போடும் ஊசியில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. சீழ் பிடித்த பல்லிடம் இரண்டு மருந்துகளுமே திணறுகின்றன.

இந்தப் பரிசோதனைகளைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுவையாகப் பட்டது மருந்தல்ல, அதை ஒப்பிடும் முறைதான். பல்வரிசையைச் சீராக்க இரு பக்கமும் ஒவ்வொரு பல் எடுக்க வேண்டிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு மருந்து, மறு பக்கம் மற்றது. எது எது என்று ஊசி போடுபவருக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. பல் வந்ததும் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். அதில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. ஒரு முனையில் 'வலியே இல்லை', மறுமுனையில் 'தாங்க முடியாத வலி'. வாயில் பஞ்சைக் கடித்தபடியே, எந்த இடம் என்று பேனாவால் கீறிக் காட்டினால் போதும். பேச வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் அவன் கத்தினானா, முகத்தைச் சுளித்தானா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதுமில்லை. அந்தக் கீறலை அளவுகோல் வைத்து அளந்து எழுதிக்கொள்கிறார்கள்.

1845-இல் பாஸ்டன் சபையில் இருந்தவர்களிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை.