கிளுவை வேலிக்குள் ஒரு புல்வெளி

கோடையில் காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காட்டைப் பார்க்கும் வெளியூர்க்காரர் அதைத் தரிசு என்றுதான் சொல்வார். சரளை மண், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. தரிசு என்ற சொல் காதில் விழுந்தால், "தரிசா? ஆருங்க சொன்னது?" என்று கொங்கு விவசாயி சண்டைக்கே வந்துவிடுவார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கொறங்காடு சும்மா கிடந்த நிலமல்ல, தலைமுறைகளாகப் பேணி வளர்த்த மேய்ச்சல் நிலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். வெள்ளாமை பொய்க்கும் சரளையிலும் கொழுக்கட்டைப் புல் பொய்ப்பதில்லை. மேலே காய்ந்து சருகானாலும் தூர் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஊடே படரும் நரிப்பயறு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். புல் தீர்ந்த கோடையில் உதிரும் வெள்வேலங்காய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம். கிளுவைக் குச்சியை ஊன்றினால் அதுவே வேர்பிடித்து வேலியாகும். வேலி இருப்பதால்தான் ஒரு காட்டை மேயவிட்டு இன்னொன்றை ஆறப்போட முடியும்.

இந்தப் புல்லை இத்தனை காலம் காத்தது கிணறு என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். கொங்கின் தோட்டப் பாசனம் கவலையை நம்பி நடந்தது. ஆழக் கிணற்றிலிருந்து பறியில் நீரிறைக்க வலுவான எருது வேண்டும். அந்த எருது கொறங்காட்டில் மேய்ந்து வளர்ந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் காங்கேயம் இனத்தைப் பெருக்கினார்கள். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் அது விலைபோனது. கன்றுக்கு விலை இருந்தவரை புல்லும் ஒரு பயிர்தான்.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. மெல்ல மெல்லக் கவலை நின்று கிணற்றில் மோட்டார் ஏறியது. பிறகு டிராக்டரும் கலப்பின மாடும் வந்தன. எருதுக்கு வேலை போனதும் புல்லுக்கும் கணக்கில் இடமில்லாமல் போச்சு. சும்மா கிடக்கிற காடுதானே, வித்துப்போடலாம் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. பட்டாவில் அது வெறும் புன்செய்; மனையாகப் பிரிக்கும்போது உள்ளே என்ன புல் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் காளைக்காக ஊரே திரண்டது. புல்லுக்காக ஒரு குரல் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காளையைப் படத்தில் வைத்துக்கொண்டு கொறங்காட்டை விற்றால் காளை எங்கே மேயும்? வேலியைப் பிடுங்க ஜேசிபிக்கு அரைநாள் போதும். அந்த வேலியும் அதற்குள் நின்ற புல்லும் உருவாக எத்தனை மழைக்காலம் ஆனது என்பதை மட்டுமாவது விற்கும் முன் எண்ணிப் பார்க்கலாம்.