கெரிஸ்: இந்தோனேசியக் குத்துவாளின் தரம் அறிவது எப்படி?

ஜாவா, பாலி, சுமத்ரா, சுலாவெசி தீவுகளில் பல நூற்றாண்டுகளாக வழங்கி வரும் குத்துவாள் கெரிஸ். ஜாவா முஸ்லிம் மாப்பிள்ளைகள் இன்றும் திருமணத்தன்று இதை இடுப்பின் பின்புறம் செருகிக் கொள்கின்றனர். 2005-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. சேகரிப்போர் பல நாடுகளிலும் இருப்பதால், போலிகளும் ஏராளம்.

அலகு

முதலில் பார்க்க வேண்டியது அலகைத்தான். கெரிஸின் அலகு அடியில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக அகன்றிருக்கும். நேரான அலகும் உண்டு. நெளிந்த அலகும் உண்டு. நெளிவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் அமையும். 3 முதல் 13 வரை வழக்கம். அதற்கு மேல் அரிது.

அலகில் தெரியும் வரிக்கோலத்துக்குப் பாமோர் என்று பெயர். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி அடித்து இதை உருவாக்குகிறார்கள். பின்னர் ஆர்சனிக்கும் எலுமிச்சைச் சாறும் பூசினால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெண்மையாக மின்னும். 18ஆம் நூற்றாண்டில் பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பும் சூரகர்த்தா அரண்மனைக் கெரிஸ்களில் சேர்க்கப்பட்டது.

போலியில் இந்தக் கோலம் அமிலத்தால் மேற்பரப்பில் மட்டும் வரையப்பட்டிருக்கும். அசலில் அது உலோகத்தின் உள்ளே ஓடும் அடுக்கு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பழைய அலகைத் தொட்ட பின் கைகளை நன்கு கழுவுங்கள்; ஆர்சனிக் நஞ்சு.

கைப்பிடியும் உறையும்

பாலியின் கைப்பிடிகளில் தேவர், அசுரர் உருவங்கள் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஜாவாவில் உருவம் அடையாளம் தெரியாத அளவுக்கு எளிமையாகிவிடும். மதுரா தீவில் பூவும் இலையும் நெருக்கமாக இருக்கும். நல்ல வேலையில் செதுக்கல் ஆழமாகவும் கோடுகள் கூர்மையாகவும் இருக்கும். கை படும் இடங்கள் மட்டும் இயல்பாகத் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் கறுத்திருந்தால் அது சாயமாக இருக்கலாம்.

கைப்பிடியும் உறையும் காலப்போக்கில் மாற்றப்படுபவை. எனவே பழைய அலகில் புதிய கைப்பிடி இருந்தால் அது மோசடி அல்ல. ஆனால் அதை மறைத்து விற்பது மோசடி.

அரியது எது?

பெரும்பாலான கெரிஸ்களில் செய்தவர் பெயரோ ஆண்டோ இருக்காது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள 'க்னாட் கெரிஸ்' சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 என்ற குறிப்பைத் தாங்கியிருப்பதால்தான் அவ்வளவு புகழ் பெற்றது. பாணியை வைத்துக் காலம் சொல்வது ஒரு கணிப்பே. ஆதலால் "மஜபாகித் காலத்தது" என்று கடைக்காரர் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். உள்ளே சக்தி குடியிருப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுவோரும் உண்டு. அந்தக் கதைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாறும் மதிப்பின் ஒரு பகுதியே. டச்சுக்காரர்களை எதிர்த்து 1825 முதல் 1830 வரை போரிட்ட இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸ் எனக் கண்டறியப்பட்ட ஒன்றை, 2020-ல் நெதர்லாந்து இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. நெடுங்காலம் அருங்காட்சியகத்தில் இருந்தும், ஆவணங்களை ஆராய்ந்த பிறகே அது யாருடையது என்று தெரிந்தது.

வாங்குமுன்

பாரம்பரியச் சின்னமாகக் கருதப்படும் பழம்பொருளை அனுமதியின்றி வெளியே கொண்டு செல்ல இந்தோனேசியச் சட்டம் இடம் தராது. இந்தியாவில் யானைத் தந்த வணிகம் குற்றம். ஆகவே தந்தக் கைப்பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ரசீதும் பொருளின் வரலாறும் எழுத்தில் இல்லாமல் பெருந்தொகை கொடுக்காதீர்கள்.